பன்னிரண்டு கலர் கேட்டவருக்கு

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31. தாய்–சேய் நலத்தில் வேலை செய்யும் ஓர் அறக்கட்டளையில் தகவல் ஒருங்கிணைப்பாளர். ஆறு வட்டாரங்களில் அலுவலகம், களப்பணியாளர்களையும் சேர்த்துத் தொண்ணூறு பேர். கடிதம் நான்கு பக்கம். ஆளையும் அமைப்பையும் காட்டிக்கொடுக்கிற விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

ஆறு வட்டாரத்திலிருந்தும் மாதாமாதம் எக்செல் கோப்புகள் வருகின்றன. ஒவ்வொருவரும் கைக்கு வந்த கலரில் சார்ட் போடுகிறார்கள். ஒருவருக்கு முப்பரிமாண பை சார்ட் இல்லாமல் பொழுது போகாது. இன்னொருவர் பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு கலர் கொடுக்கிறார். ஆண்டறிக்கை நேரத்தில் வாசகி இரவெல்லாம் உட்கார்ந்து எழுபது சார்ட்டுக்கு மறுபடி கலர் பூசுகிறார். இயக்குநரோ, "நம்ம லோகோ சிவப்பு, பச்சை. சார்ட்டும் அதுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். போன அறங்காவலர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ஓர் அறங்காவலர் "இதுல இலக்கு எது, நாம செஞ்சது எது?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் அவர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, சிவப்புக்கும் பச்சைக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில் இரத்தசோகை சார்ட் ஒன்றை "இறக்கம் நல்லா தெரியிற மாதிரி" மாற்றச் சொல்லி இயக்குநரிடமிருந்து ஒரு வேண்டுகோள் வேறு.

வாசகி கேட்பது: பார்க்க நன்றாக இருக்கும் பன்னிரண்டு கலர் சொல்ல முடியுமா? பெரிய சர்வதேச அமைப்பு ஒன்றின் கையேட்டிலிருந்து கலர்களை அப்படியே எடுத்துக்கொண்டால் சட்டச் சிக்கல் வருமா? அறங்காவலர் சொன்னதைச் சொல்லி இயக்குநரைச் சம்மதிக்க வைக்கலாமா? கடைசி வரி இது: "எனக்கு டிசைன் படிப்பு கிடையாது. கலர் சென்ஸும் இல்லை என்று ஆபீசில் சொல்கிறார்கள். இந்த வேலைக்கு நான் சரியான ஆள்தானா?"

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நீங்கள் அனுப்பிய ஒன்பது சார்ட்டுகளையும் பார்த்தேன். இருபது வருடமாக அறிக்கைகளுக்குப் படம் போடுவதுதான் என் பிழைப்பு. உங்கள் சார்ட்டுகளில் இருக்கும் கோளாறு எதுவும் கலர் சென்ஸ் இல்லாததால் வந்ததல்ல. ஒரே விஷயம் ஒரு பக்கத்தில் பச்சையாகவும் அடுத்த பக்கத்தில் ஊதாவாகவும் இருக்கிறது. நான்காம் பக்கத்தில் பச்சை என்றால் 'இலக்கு', ஏழாம் பக்கத்தில் பச்சை என்றால் 'இரண்டாவது வட்டாரம்', ஒன்பதாம் பக்கத்தில் பச்சை என்றால் 'தடுப்பூசி போட்டவர்கள்'. வாசிப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் புதிதாக மொழி பழக வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய ஓவியக் கண் தேவையில்லை. ஒரு பட்டியல் போட்டு அதைக் கடைப்பிடிக்கும் பிடிவாதம் இருந்தால் போதும், அது உங்களிடம் இருக்கிறது. எழுபது சார்ட்டுக்கு ராத்திரியில் கலர் பூசியவருக்கு இல்லாத பிடிவாதமா?

பன்னிரண்டு வேண்டாம், ஐந்து போதும்

நீங்கள் பன்னிரண்டு கேட்டதற்குக் காரணம் புரிகிறது. ஆறு வட்டாரம், இரண்டு ஆண்டு, இலக்கு, சாதனை என்று எண்ணிக்கொண்டே போனால் பன்னிரண்டு வந்துவிடும். ஆனால் ஒரே சார்ட்டில் பன்னிரண்டு நிறத்தை வைத்துக்கொண்டு ஓரத்துக் குறிப்பையும் பட்டையையும் மாறி மாறிப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. பிரிட்டன் அரசின் பகுப்பாய்வாளர்களுக்கான வழிகாட்டுதல், ஒரு சார்ட்டில் நான்கு வகைக்கு மேல் நிறத்தால் பிரிக்காதீர்கள் என்கிறது. என் அனுபவத்தில் மூன்றிலேயே கண் திணற ஆரம்பித்துவிடும்.

உங்கள் ஆறு வட்டாரத்துக்கு ஆறு கலர் எதற்கு? பட்டைக்குப் பக்கத்திலேயே வட்டாரத்தின் பெயர் எழுதியிருக்கிறது. பெயர் சொல்லிவிட்டதை நிறமும் ஒருமுறை சொல்ல வேண்டியதில்லை. ஆறு பட்டையும் ஒரே நீலத்தில் இருக்கட்டும். அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்துங்கள். பேச வேண்டிய வட்டாரம் எதுவோ அதற்கு மட்டும் ஆரஞ்சு. கூட்டத்தில் எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போகும்.

அப்புறம் அந்தப் பட்டைகளைப் படுக்க வையுங்கள். தமிழ்ப் பெயர்கள் நீளம். நட்டுக்குத்தலான பட்டைக்குக் கீழே 'ஒட்டன்சத்திரம்' என்று எழுதினால் எக்செல் அதைச் சாய்த்துப் போடும், அல்லது பாதியில் வெட்டும். படிக்கிறவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். படுத்த பட்டையில் இந்தத் தொல்லை இல்லை.

நான் தரும் ஐந்து இவை. எண்கள் எக்செல் கேட்கும் சிவப்பு, பச்சை, நீலம் வரிசையில்:

அடர்நீலம் (18, 67, 109): இந்த ஆண்டு நாம் செய்தது.

சாம்பல் நீலம் (120, 150, 180): போன ஆண்டு செய்தது.

கறுப்புக் கோடு, உள்ளே நிறமில்லை: இலக்கு.

ஆரஞ்சு (244, 106, 37): இங்கே பாருங்கள்.

நடுச்சாம்பல் (140, 140, 140): ஒப்பிடுவதற்காக வைத்தது, மாநில சராசரி மாதிரி.

அடர்நீலமும் ஆரஞ்சும் நான் மேலே சொன்ன பிரிட்டன் வழிகாட்டுதலில் உள்ளவை. சாம்பல் நீலத்தை உங்களுக்காக நானே கணக்குப் போட்டு எடுத்தேன். இணைய அணுகல்தன்மைக்கான உலகத் தரநிலையின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பு, சார்ட்டில் உள்ள உருவங்கள் பின்னணியோடு குறைந்தது மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு காட்ட வேண்டும் என்கிறது. எழுத்துக்கு நாலரைக்கு ஒன்று. இந்தச் சாம்பல் நீலம் வெள்ளைத் தாளோடும் மூன்றைத் தாண்டுகிறது, பக்கத்தில் நிற்கும் அடர்நீலத்தோடும் மூன்றைத் தாண்டுகிறது. கொஞ்சம் வெளுத்தால் தாளோடு கரைந்துவிடும், கொஞ்சம் கறுத்தால் பக்கத்துப் பட்டையோடு ஒட்டிவிடும். "அழகா இல்லையே" என்று யாராவது அதை மாற்றச் சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

நடந்ததை நிரப்பிக் காட்டுவது, பழையதை வெளிறக் காட்டுவது, திட்டமிட்டதை வெறும் கோடாகக் காட்டுவது என்பது என் கண்டுபிடிப்பல்ல. நிறுவன அறிக்கைகளுக்காக ஜெர்மனியின் ரோல்ஃப் ஹிச்சர்ட் முன்னெடுத்த ஐபிசிஎஸ் என்ற நெறிமுறையிலும் இதேதான். நல்ல யோசனை என்பதற்கு மேல் இதில் ஒரு வசதி உண்டு. இலக்குக்கு நிறமே கிடையாது என்று வைத்துவிட்டால், உங்கள் தலைமையாசிரியர் கேட்ட கேள்வியை இனி யாரும் கேட்க வேண்டியிருக்காது.

லோகோவை என்ன செய்வது

இயக்குநர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். அறிக்கையைத் திறந்ததும் இது நம் அமைப்புடையது என்று தெரிய வேண்டும் என்கிறார். அதற்கு அட்டை இருக்கிறது, தலைப்புப் பட்டை இருக்கிறது, பக்க எண்ணுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அங்கெல்லாம் சிவப்பும் பச்சையும் தாராளமாக வரட்டும். சார்ட்டுக்குள் மட்டும் வேண்டாம்.

ஏன் என்றால், முதல் காரணம் ஜெராக்ஸ். உங்கள் அறிக்கை வட்டார அலுவலகத்துக்குப் போனதும் கறுப்பு வெள்ளையில்தானே பிரதி எடுக்கிறார்கள்? முழுச் சிவப்பும் நடுத்தரப் பச்சையும் வெளிச்ச அளவில் கிட்டத்தட்ட ஒன்று. நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிச் சாம்பல். கலர் தெரியாத அறங்காவலருக்கு வந்த பிரச்சினை, ஜெராக்ஸ் எடுத்த பிறகு கலர் நன்றாகத் தெரிகிற எல்லோருக்கும் வந்துவிடும். இயக்குநரிடம் பேச இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது. நாலாம் பக்கத்தைப் பிரதி எடுத்து மேசையில் வைத்து, "இதுல இலக்கு எதுன்னு சொல்லுங்க சார்" என்று கேளுங்கள். வாதமே தேவைப்படாது.

இரண்டாவது காரணம், சிவப்பும் பச்சையும் வெறும் நிறமாக யார் கண்ணுக்கும் படுவதில்லை. 2020 மே மாதம் நாடு முழுவதும் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தார்களே, 130 மாவட்டம் சிவப்பில் இருந்தது. அன்றைக்குத் தெருவுக்குத் தெரு 'ரெட் ஸோன்' என்ற சொல் புழங்கியது. வானிலைத் துறை 'ரெட் அலர்ட்' விட்டால் பள்ளிக்கு லீவு. இப்படிப் பழகிய கண்ணுக்கு முன்னால் 'நாம் செய்தது' என்ற பட்டையை லோகோ என்பதற்காகச் சிவப்பில் போட்டால், நல்ல செய்திகூடக் கெட்ட செய்தி மாதிரித் தெரியும். அதற்காகச் சிவப்பு என்றால் ஆபத்து என்பது உலகப் பொது விதி என்றும் நினைத்துவிடாதீர்கள். கடிதத்தில் அப்படி எழுதியிருந்தீர்கள். சீனப் பங்குச் சந்தையில் விலை ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை. நம் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் சிவப்புக்கு ஆபத்து என்று பொருளில்லை. பழக்கம்தான் பொருள் கொடுக்கிறது. உங்கள் வாசகர்களின் பழக்கம் என்ன என்று பார்த்து முடிவெடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு, கையேடுகளில் இது இருக்காது. பல வருடத்துக்கு முன் ஓர் ஊராட்சிக்குப் போட்ட குடிநீர் சார்ட்டில் அடர்சாம்பலுக்குப் பக்கத்தில் சிவப்பை வைத்துவிட்டேன். அச்சகத்தில் சாம்பல் கறுத்து வந்துவிட்டது. கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "எந்தக் கட்சி அறிக்கைங்க இது?" என்றார். அதன் பிறகு குடிநீரைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து எந்தத் தொகுப்பை எடுத்தாலும் பக்கத்தில் பக்கத்தில் எது உட்காருகிறது என்று ஒருமுறை கொடிக்கம்பக் கண்ணோடு பார்த்துவிடுவேன்.

இரத்தசோகை சார்ட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்

நீங்கள் அனுப்பியதில் முக்கியமானது இதுதான், கோளாறு அதிகமும் இதில்தான். கர்ப்பிணிகளை நான்காகப் பிரித்திருக்கிறீர்கள். டெசிலிட்டருக்கு 11 கிராமும் அதற்கு மேலும் ஹீமோகுளோபின் இருந்தால் சரி. 10 முதல் 10.9 வரை லேசான சோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தரம். 7-க்குக் கீழ் கடுமை. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட பிரிவுகள்தான். அவற்றுக்கு நீங்கள் கொடுத்த நிறங்கள் முறையே நீலம், மஞ்சள், பச்சை, சிவப்பு.

இந்த நான்கும் வட்டாரங்களைப் போலத் தனித்தனிப் பொருள்கள் அல்ல. ஒரே ஏணியின் படிகள். படி கீழே போகப் போக நிலைமை மோசமாகிறது. அப்படியானால் நிறமும் ஒரே குடும்பத்துக்குள் வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் போக வேண்டும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிந்தியா புரூவர் நிலவரைபடங்களுக்காக உருவாக்கிய 'கலர்புரூவர்' தொகுப்பில் இதற்கென்றே வரிசைகள் இருக்கின்றன. நீலமும் ஆரஞ்சும் நம் பட்டியலில் வேறு பொருளுக்கு ஏற்கெனவே போய்விட்டதால், கத்தரிப்பூ நிறத்தை எடுத்துக்கொள்வோம். லேசானதற்கு 203, 201, 226. நடுத்தரத்துக்கு 158, 154, 200. கடுமைக்கு 106, 81, 163. சரியான அளவு உள்ளவர்களுக்கு நிறமே வேண்டாம், வெள்ளை விட்டு மெல்லிய சாம்பல் ஓரம் போடுங்கள். முதல் இரண்டு படியும் வெளிறியவை, தாளோடு மூன்றுக்கு ஒன்று வராது. ஆகவே எல்லாத் துண்டுக்கும் அந்த ஓரக் கோட்டைக் கொடுத்து, துண்டின் மேலேயே எண்ணிக்கையை எழுதிவிடுங்கள்.

இனி இந்தச் சார்ட்டை ஜெராக்ஸ் எடுத்தாலும் மூன்று படி சாம்பலாக வரும், எது மோசம் என்று கேட்காமலே தெரியும். உங்கள் பழைய சார்ட்டில் நடுத்தரச் சோகை பச்சையில் இருந்தது. 8 கிராம் ஹீமோகுளோபினோடு வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் பெண் அந்தச் சார்ட்டில் 'பச்சை'.

அந்த முப்பரிமாண பை சார்ட்டைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. சாய்த்து வைத்த தட்டில் முன்னால் இருக்கும் துண்டு பெரிதாகத் தெரியும், பின்னால் இருப்பது சிறுக்கும். 1984-இல் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கில்லும் செய்த சோதனைகளிலிருந்தே தெரிந்த விஷயம், ஒரே அடிக்கோட்டிலிருந்து எழும் நீளத்தை ஒப்பிடுவதில் நம் கண் கெட்டி, கோணத்தை ஒப்பிடுவதில் சொதப்பல். பட்டைக்கு மாற்றிவிடுங்கள். போட்ட வட்டாரக்காரர் கோபித்துக்கொண்டால் அட்டைப் படத்துக்கு ஒரு பை கொடுத்துவிடலாம்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வட்டாரத்தில் '34.78%' என்று போட்டிருக்கிறீர்கள். கணக்குப் பார்த்தால் 23 பேரில் 8 பேர். ஒரு பெண் கூடினாலோ குறைந்தாலோ நான்கு சதவீதத்துக்கு மேல் மாறும் இடத்தில் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் எதற்கு? '23 பேரில் 8 பேர்' என்றே எழுதுங்கள். நிதி பற்றிய சார்ட்டில் லட்சம், கோடி முறையில் காற்புள்ளி வரட்டும். ஒரு பக்கத்தில் 12,50,000, அடுத்த பக்கத்தில் 1.25 மில்லியன் என்று இருப்பதும் கலர் மாறுவதைப் போன்ற குழப்பம்தான்.

50-இல் தொடங்கும் அச்சு

இயக்குநர் 'இறக்கம் தெரியிற மாதிரி' கேட்டதையும் வடிவமைப்புக் கேள்வியாகவே எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள், ஏனென்றால் இது வேறு விஷயம். உங்கள் எண்ணை வெளியில் சொல்ல விருப்பமில்லை, எல்லோருக்கும் தெரிந்த எண்ணை எடுக்கிறேன். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள், தேசியக் குடும்ப நல ஆய்வின் நான்காம் சுற்றில் 55.0 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 53.4. பட்டையின் அச்சை, அதாவது ஓரத்தில் எண்கள் ஏறும் கோட்டை, பூஜ்யத்தில் தொடங்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம். 50-இல் தொடங்கினால் ஒன்று ஐந்து அங்குலம், மற்றது மூன்றரைகூட இல்லை. சோகை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்ட மாதிரி இருக்கும். எண் பொய் சொல்லவில்லை, ஆனால் படம் பொய் சொல்கிறது.

பட்டை என்றால் பூஜ்யத்திலிருந்துதான். அங்கே நீளம்தான் செய்தி. பல ஆண்டுப் போக்கைக் கோடாக வரைந்தால் அச்சு வேறு இடத்தில் தொடங்கலாம், ஆனால் அதைக் கீழே எழுத வேண்டும். ஆகவே உங்களுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறது.

சொன்னபடி செய்துவிடலாம். இன்றைக்குச் சண்டை இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் 'தகவல் தொகுப்பு' என்று உங்கள் பெயர் இருக்கிறது. நிதி கொடுப்பவர்களில் அச்சைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும், அதன் பிறகு மீதி அறுபத்தொன்பது சார்ட்டையும் அவர் நம்ப மாட்டார். இயக்குநரிடம் சொல்லாமல் சரியாகப் போட்டுவிடலாம். இதை நான் ஒருமுறை செய்து பார்த்தேன், அந்த வேலை அத்தோடு போயிற்று. அறிக்கை அவருடைய பொறுப்பு, அவருக்குத் தெரியாமல் மாற்ற எனக்கு உரிமை இருக்கவில்லை, உங்களுக்கும் இல்லை. மூன்றாவது, அவர் கேட்பதன் உள்ளே இருக்கும் ஆசையைப் பிடித்துக்கொள்வது. முன்னேற்றம் தெரிய வேண்டும், அவ்வளவுதானே? அப்படியானால் மொத்தச் சோகையை விட்டுவிட்டுக் கடுமையான சோகையின் எண்ணிக்கையைத் தனிச் சார்ட்டாகப் போடுங்கள். நீங்கள் அனுப்பிய தாளில் அது உண்மையாகவே நன்றாகக் குறைந்திருக்கிறது. பூஜ்யத்திலிருந்து போட்டாலும் தெரியும். நான் மூன்றாவதைத்தான் சொல்வேன். அதற்கும் அவர் மசியவில்லை என்றால், அச்சு 50-இல் தொடங்குகிறது என்ற வரியைச் சார்ட்டின் கீழே சேர்க்க அனுமதி கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். கேட்டது எழுத்தில் இருக்கட்டும்.

ஆறு அலுவலகத்துக்கும் ஒரே கோப்பு

கையேடு எழுதப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். நாற்பது பக்கக் கையேட்டை யாரும் திறக்க மாட்டார்கள். நானே மூன்று அமைப்புக்கு எழுதிக் கொடுத்தேன், மூன்றும் அலமாரியில் இருக்கின்றன. மாறாக, எக்செல்லின் பக்க வடிவமைப்புப் பட்டியில் 'கலர்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதற்குள் போய் 'Accent' என்று இருக்கும் ஆறு நிறங்களை நீங்களே எண் கொடுத்து மாற்றி, பெயர் வைத்துச் சேமிக்கலாம். முதலிடத்தில் அடர்நீலம், அடுத்து சாம்பல் நீலம், பிறகு ஆரஞ்சு, நடுச்சாம்பல், கடைசி இரண்டில் கத்தரிப்பூவின் நடுத்தரமும் அடர்ந்ததும். வெளிறிய கத்தரிப்பூவை அந்த ஒரு சார்ட்டில் கையால் கொடுத்தால் போதும். இந்த நிறங்களோடு ஒரு காலிக் கோப்பை உருவாக்கி, மாதாந்திர அட்டவணைகளையும் சார்ட்டுகளையும் அதிலேயே வைத்து ஆறு பேருக்கும் அனுப்பிவிடுங்கள். அவர்கள் எண்ணை மட்டும் நிரப்பினால் சார்ட் சரியான நிறத்தில் தானாக வரும். ஒழுங்காகச் செய்வதுதான் சுலபமான வழி என்று ஆக்கிவிட்டால் யாரும் மீற மெனக்கெட மாட்டார்கள்.

எழுத்துருவையும் அந்தக் கோப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள். ஒரு வட்டாரத்திலிருந்து வந்த சார்ட்டில் தலைப்பு 'fh;g;gpzp' போலக் கண்டபடி எழுத்தாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அவர் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பார், உங்கள் கணினியில் அது இல்லை. ஆறு பேரும் யூனிகோடில் தட்ட வேண்டும், நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ், எதை எடுத்தாலும் எல்லாரும் அந்த ஒன்றையே. கறாராகச் சொல்ல வேண்டிய விதி இது ஒன்றுதான்.

தொடங்கும்போது எழுபதையும் தொடாதீர்கள். அதிகம் பேர் பார்க்கும் பத்துச் சார்ட்டை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் பக்கத்தில் அது அங்கே என்ன பொருள் என்று பென்சிலால் எழுதுங்கள். ஒரு நிறத்துக்கு இரண்டு பொருள் வந்த இடமெல்லாம் தானாகக் கண்ணில் படும். இயக்குநரை அந்தச் சுவர்ப் பக்கமாக ஒருநாள் டீயோடு கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

இன்னொருவரின் கலரை எடுக்கலாமா

நான் வக்கீல் இல்லை, தொழிலில் தெரிந்த அளவு சொல்கிறேன். ஒரு நீலத்தின் எண்ணுக்கு யாரும் பதிப்புரிமை கோர முடியாது. 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தில் நிறச் சேர்க்கையும் சின்னமாக இருக்கலாம் என்று உண்டு, ஆனால் அது பொருளையோ சேவையையோ அடையாளம் காட்டப் பயன்படும் இடத்துக்கு. பட்டைக்குள் நீலம் பூசுவதற்கு அது வராது. அந்தச் சர்வதேச அமைப்பின் கையேட்டுப் பக்கங்களையோ ஐகான்களையோ விலைக்கு வாங்கிய எழுத்துருவையோ எடுத்தால் கதை வேறு. சட்டத்தை விடுங்கள், எனக்கு அந்தத் தொகுப்பு பிடிக்காததற்குக் காரணம் வேறு. அதில் இருபத்துநான்கு நிறம் இருக்கிறது. அவர்களுக்குப் பல நாட்டு அலுவலகம், தனி வடிவமைப்புத் துறை. உங்களுக்கு நீங்கள் மட்டும்தான்.

நிறக்குருட்டுக்காகவே யோசித்துச் செய்த இலவசத் தொகுப்பு ஒன்று உண்டு. ஜப்பானியர்கள் மசடாகா ஒகாபேயும் கெய் இடோவும் தந்த எட்டு நிறம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நிறையப் புழங்குகிறது. ஐந்துக்கு மேல் என்றைக்காவது தேவைப்பட்டால் அதிலிருந்து எடுங்கள், மஞ்சளைத் தவிர. வெள்ளைத் தாளில் அந்த மஞ்சள் கோடு இருப்பதே தெரியாது.

அறங்காவலர் சொன்னது

இதைச் சொல்லி இயக்குநரை மடக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். அவர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது, கூட்டத்தில் சிரித்தவர்களுக்கு முன்னால் சொல்ல விரும்பாததால்தான். இந்த வயது வரை அதை மறைத்தே பழகியிருப்பார். வடஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு இந்தச் சிவப்பு–பச்சைக் குறை இருக்கிறது, நம் பக்கம் பொதுவாக அதைவிடக் குறைவு. பெண்களில் மிகவும் அபூர்வம். குறைவு என்றாலும், அறிக்கை நூறு ஆண்கள் கைக்குப் போனால் அவரைப் போல இன்னும் சிலர் வாயைத் திறக்காமல் இருப்பார்கள். ஜெராக்ஸ் தாளை வைத்தே வாதத்தை முடித்துவிட முடிகிறபோது அவர் பெயர் எதற்கு?

சட்டத்திலும் இதற்கு நேரடியாகப் பிடி இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் நிறக்குருடு இல்லை. ஆனால் காற்று மாறிக்கொண்டிருக்கிறது. புனே திரைப்படக் கல்லூரி நிறக்குருடு உள்ளவர்களைச் சில படிப்புகளில் சேர்க்க மறுத்தபோது, எல்லாப் படிப்பிலும் சேர்க்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2022-இல் உத்தரவிட்டது. கலர் பார்த்துச் செய்யும் படத்தொகுப்பே படிக்கலாம் என்று ஆன பிறகு, ஓர் ஆண்டறிக்கை படிக்க முடியாமல் இருப்பது நமக்குத்தான் வெட்கம்.

புதிய பக்கங்கள் தயாரானதும் அச்சிடக் கொடுக்கும் முன் அவரிடம் தனியாகக் காட்டுங்கள். காட்டும்போது "தெரியுதாங்க ஐயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "தெரியுதும்மா" என்றுதான் சொல்வார், நாற்பது வருடமாக அப்படிச் சொல்லித்தான் சமாளித்திருப்பார். "இந்த வருஷம் எந்த வட்டாரம் இலக்கைத் தொடலைங்க ஐயா?" என்று கேளுங்கள். அவர் விரல் எந்தப் பட்டைக்குப் போகிறது என்று பாருங்கள்.